குறை டிவியிலா, வயரிலா?

புது டிவி வாங்குவது, மாட்டுவது, அதோடு சேர்ந்த சாமான்கள் பற்றி மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கடிதங்களைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. டிவியைக் குறை சொல்லி எழுதுகிறவர்களில் நிறையப் பேர் வீட்டில் டிவி நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குள் போகிற சிக்னலோ, வயரோ, கரண்டோதான் சரியில்லை.

கேள்வி: தீபாவளிக்கு 50 இன்ச் 4கே டிவி வாங்கினோம். யூடியூப் போட்டால் பளிச்சென்று இருக்கிறது. கேபிளில் சீரியல் போட்டால் முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி மங்கல். கடைக்காரர் கேபிள்காரரைக் கை காட்டுகிறார், கேபிள்காரர் டிவியைக் கை காட்டுகிறார். யார் சொல்வதை நம்புவது? – வாசகி, மேலூர்

டிவியில் குறை இல்லை, அதை முதலில் மனதில் வையுங்கள். யூடியூப் நன்றாகத் தெரிகிறதே, அதுவே சாட்சி. சாதாரண எஸ்டி (பழைய, குறைந்த தரம்) சேனலில் ஒரு படத்துக்கு 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள்தான் வருகின்றன. உங்கள் திரையில் இருப்பது 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். வருகிற ஒவ்வொரு புள்ளியையும் டிவி 20 புள்ளியாக இழுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. இல்லாத விவரத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? பழைய 21 இன்ச் டிவியில் இதே சேனல் நன்றாகத் தெரிந்ததற்குக் காரணம், சின்னத் திரையில் இந்தக் குறை கண்ணில் படாது என்பதுதான்.

இப்போது எழுந்து போய் செட்டாப் பாக்ஸின் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை உள்ள வயர் மாட்டியிருக்கிறதா? அப்படியென்றால் பாதிக் கதை அங்கேயே முடிந்தது. அந்த வயரில் எஸ்டிக்கு மேல் போகவே போகாது. ஹெச்டி பாக்ஸுக்குக் காசு கட்டிவிட்டு, பழைய டிவியில் இருந்த மூணு கலர் வயரையே புது டிவிக்கும் மாட்டி மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிற வீடுகள் நிறைய. பாக்ஸில் தட்டையாக, கீழ்ப்பக்கம் இரண்டு ஓரமும் சரிந்த ஒரு துளை இருந்தால் அது ஹெச்டிஎம்ஐ. அதற்கு ஒரு வயர் வாங்கி மாட்டுங்கள், சாதாரண வயரே போதும், தங்கமுலாம் பூசியது என்று விலை கூட்டிச் சொல்வதை வாங்க வேண்டாம். மாட்டிய பிறகு பாக்ஸின் செட்டிங்கில் போய் படத்தின் அளவு 576ல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் 1080க்கு மாற்றுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று, ஹெச்டி சேனலுக்குத் தனி நம்பர். வழக்கமான நம்பரை அழுத்தினால் பழைய எஸ்டி சேனல்தான் வரும்.

உங்களிடம் இருப்பது எஸ்டி பாக்ஸ்தான் என்றால் கேபிள்காரரிடம் ஹெச்டி பாக்ஸ் கேளுங்கள். அது வரும்வரை டிவியில் படத்தின் முறை 'விவிட்' என்று இருந்தால் 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்டு' ஆக்கி, ஷார்ப்னஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். ஷார்ப்னஸ் கூட்டினால் படம் தெளியும் என்று நினைக்கிறோம், எஸ்டியில் அது அழுக்கைத்தான் தூக்கிக் காட்டும்.

கேள்வி: சோபாவுக்கும் டிவி மாட்டும் சுவருக்கும் நடுவில் எட்டடி. நான் 43 இன்ச் போதும் என்கிறேன், வீட்டுக்காரர் 55க்குக் குறையக்கூடாது என்கிறார். – வாசகி, வில்லாபுரம்

எட்டடி என்பது சுமார் 244 செ.மீ. 4கே திரைக்குக் குறுக்களவில் (மூலைக்கு மூலை) ஒன்றரை மடங்கு தள்ளி உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். 55 இன்ச்சின் குறுக்களவு 140 செ.மீ., ஒன்றரை மடங்கு 210. அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுக்காரர் கேட்பது தப்பில்லை. ஆனால் மேலூர் வாசகிக்குச் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் ஓடுவது முக்கால்வாசி எஸ்டி கேபிள் என்றால் 55ல் அந்த மங்கல் இன்னும் பெரிதாகத் தெரியும், அப்போது 43 தான் சரி. ஹெச்டி பாக்ஸும் நெட்டும் இருந்தால் தாராளமாகப் பெரியதுக்குப் போகலாம்.

முடிவெடுப்பதற்கு முன் பழைய தினசரித் தாள்களை ஒட்டி 55 இன்ச்சின் அளவுக்கு, அகலம் 122 செ.மீ., உயரம் 69 செ.மீ., வெட்டிச் சுவரில் இரண்டு நாள் ஒட்டி வையுங்கள். பக்கத்திலேயே 43 இன்ச்சுக்கு அகலம் 95, உயரம் 54. ஜன்னல் கதவு திறந்தால் இடிக்கிறதா, காலண்டர், சாமி படம் எங்கே போகும், எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஒரு நல்ல சேதி, 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அதற்கு முன்னால் விசாரித்து வைத்த விலையை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு டிவியில் பேசுவது புரியவில்லை என்கிறார். சத்தம் கூட்டினால் பாட்டும் சண்டையும் வீட்டையே அதிர வைக்கிறது. ஹோம் தியேட்டர் வாங்கினால் சரியாகுமா? – வாசகர், திருமங்கலம்

ஹோம் தியேட்டர் வேண்டாம். அப்பத்தாவுக்கு வேண்டியது அதிர்வு இல்லை, பேச்சு. தட்டையான டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோதான் இருக்கும், ஆளைப் பார்த்து இருக்காது. சத்தம் சுவரிலும் ஷெல்ப் பலகையிலும் மோதித் திரும்பி வரும்போது வார்த்தைகளின் முனை மழுங்கிவிடுகிறது. க, ச, த எல்லாம் ஒன்றாகக் கேட்கும். வயதானவர்களுக்குக் காதில் முதலில் குறைவது இந்த மெல்லிய ஒலிகள்தான், அதனால் வீட்டில் மற்றவர்களுக்குப் புரிகிற வசனம் அவருக்கு மட்டும் புரியாமல் போகிறது. அவர் அடம் பிடிக்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காசு செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியது இது. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் 'கிளியர் வாய்ஸ்' அல்லது 'ஸ்பீச்', 'நியூஸ்' என்று ஏதாவது ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். 'ஆட்டோ வால்யூம்' இருந்தால் அதையும் போடுங்கள், விளம்பரம் வந்தவுடன் அலறுவது குறையும். 'சரவுண்ட்' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். டிவி அலமாரிக்குள் அமுங்கி இருந்தால் முன்னால் இழுத்து வையுங்கள்.

அதிலும் சரிவராவிட்டால் ஒரு சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர்), அதுவும் நடுவில் பேச்சுக்கென்று தனி ஸ்பீக்கர் உள்ளதாக. பெட்டியின் மேல் 2.1 என்று போட்டிருந்தால் நடு ஸ்பீக்கர் இல்லை, 3.1 என்றால் உண்டு. வாட்ஸ் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். டிவியின் பின்னால் உள்ள ஹெச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி (ARC) என்று எழுதியிருக்கும், டிவியின் சத்தத்தை வெளியே அனுப்புகிற துளை அது, சவுண்ட்பார் வயரை அதில்தான் சொருக வேண்டும், வேறு துளையில் சொருகினால் சத்தமே வராது. அதில் இன்னொரு வசதி, டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டிக் குறைக்கலாம், அப்பத்தா இரண்டாவது ரிமோட்டைத் தேட வேண்டியதில்லை. ப்ளூடூத்தில் இணைக்காதீர்கள், சில டிவிகளில் உதடு அசைந்த பிறகுதான் பேச்சு வரும், காது மந்தமானவர்கள் உதட்டையும் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். அதோடு, ஒரு தடவை காது டாக்டரிடமும் கூட்டிப் போய் வாருங்கள். அழுக்கு அடைத்திருந்தால்கூட இப்படித்தான் இருக்கும்.

கேள்வி: அழகர்கோவில் பக்கம் எங்கள் ஊர். பக்கத்து வீட்டுத் தென்னை மரம் வளர்ந்து மறைப்பதால் டிஷ்ஷில் சிக்னல் போகிறது என்று நாங்கள் சொல்ல, அவர்கள் மரத்தை வெட்ட மாட்டோம் என்று சொல்ல, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது. மரம் டிஷ்ஷிலிருந்து இருபது அடி தள்ளி. மழைக்கும் சிக்னல் போகிறது. குரங்குத் தொல்லையும் உண்டு. – வாசகர், மதுரை கிழக்கு

மரத்தை விட்டுவிடுங்கள். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கிறது, நாம் இருப்பதோ அதிலிருந்து சுமார் பத்து டிகிரி வடக்கேதான். அதனால் நமக்கு அது ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கிறது. மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வருகிற 93.5 டிகிரி கிழக்குச் செயற்கைக்கோளை எடுத்துக்கொண்டால், மதுரையிலிருந்து பார்க்கும்போது தென்கிழக்கில், தரையிலிருந்து கிட்டத்தட்ட 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. மற்ற கம்பெனிகளுக்கு இது கொஞ்சம் கிழக்காகவோ தெற்காகவோ விலகும். டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு அண்ணாந்து நிற்பதாகத் தெரியாது, ஏனென்றால் இந்தச் சின்ன டிஷ்கள் தாம் பார்க்கிற திசையைவிட மேலேயிருந்து சிக்னலை வாங்கும்படி செய்யப்பட்டவை. பார்க்கிற கண்ணுக்கு எதிரே உள்ள மரம் மறைப்பதாகத் தோன்றுவது இதனால்தான். கணக்குப் போட்டால், 93.5க்குத் திருப்பிய டிஷ்ஷை இருபது அடி தள்ளி நிற்கிற மரம் மறைக்க, டிஷ்ஷுக்கு மேலே ஐம்பது அடிக்கு அந்த மரம் வளர்ந்திருக்க வேண்டும். உங்கள் டிஷ் மாடியில் இருக்கிறது என்றால் அப்படி ஒரு தென்னை இருக்க வாய்ப்பே குறைவு. தயவுசெய்து அந்த வீட்டோடு பேசிவிடுங்கள்.

நான் சந்தேகப்படுவது குரங்கை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கையைப் பிடித்துத் தொங்கினால் ஓரிரு டிகிரி திரும்பிவிடும், அது போதும். கடும் மழையில் எந்த டிஷ்ஷிலும் சிக்னல் போகும், மழைத்துளிகள் அலையை விழுங்கிவிடுவதால் வருவது அது, பத்து இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். ஆனால் தூறலுக்கே போகிறது என்றால் டிஷ் ஏற்கெனவே திரும்பியிருக்கிறது, வெயில் நாளில் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செட்டிங்கில் சிக்னல் அளவைப் பார்த்துக்கொண்டே ஆளை வைத்துத் திருப்பி இறுக்கச் சொல்லுங்கள். அப்போதே முன்கையின் நுனியில் வயர் சேரும் பின்னையும் கழற்றிப் பாருங்கள். நடுச் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் அந்த முனையை வெட்டிப் புது பின் போட்டு, தண்ணீர் இறங்காமல் டேப் சுற்ற வேண்டும். குரங்குக்கு, டிஷ்ஷைச் சுற்றி நைலான் வலை கட்டலாம், சிக்னலுக்கு அதனால் கெடுதல் இல்லை. கம்பி வலை கட்டாதீர்கள்.

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் தோட்டத்து வீடு. மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறது. டிவிக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா? செட்டாப் பாக்ஸைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது, அது எதனால்? – வாசகர்

டிவியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. பயப்பட வேண்டியது வோல்டேஜ் ஏறுவதற்கு. காற்றில் மரக்கிளை விழுந்து லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட வரலாம், அந்த நொடியில் டிவி, பிரிட்ஜ், பல்பு எல்லாம் போகும். தோட்டத்து வீட்டுக்கு ஸ்டெபிலைசர் வாங்குவதாக இருந்தால் ஹை வோல்டேஜில் தானே கட் ஆகிற வசதி அதில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

சுள்ளென்பதை அலட்சியம் செய்யாதீர்கள். எர்த் சரியில்லாத வீட்டில் பாக்ஸின் உலோகப் பகுதியில் கொஞ்சம் கரண்ட் கசிந்து நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழி வறண்டு போயிருப்பதும் எங்கள் பக்கத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் கோடையில் சகஜம், தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், கம்பி துருப்பிடித்திருந்தால் மாற்ற வேண்டும். எர்த் இல்லாமல் ஸ்பைக் பஸ்டர் (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கிற பிளக் பலகை) வாங்கி மாட்டினால் அதனால் பெரிய பாதுகாப்பு கிடையாது, அது அதிகப்படியான கரண்டைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் எர்த் வழியாகத்தான்.

சித்திரை வைகாசியில் கோடை மழை, அப்புறம் ஐப்பசி கார்த்திகை, இந்த மாதங்களில் இடி கேட்டவுடன் பிளக்கைப் பிடுங்குகிறோம், சரி. டிஷ் வயரையும் நெட் வயரையும் பிடுங்குவதில்லை. மாடியில் இருக்கிற டிஷ்ஷிலிருந்து வயர் நேராக பாக்ஸுக்குள்ளும், அங்கிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாக டிவிக்குள்ளும் வருகிறது. சுவிட்சை அணைத்து வைத்த டிவி இடியில் எப்படிப் போனது என்று கேட்கிறார்களே, இந்த வழியாகத்தான். மழை தொடங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள், தலைக்கு மேல் இடிக்கும்போது போய் வயரைத் தொட வேண்டாம்.

கேள்வி: மாசி வீதிப் பக்கம் பழைய காரை வீடு. 55 இன்ச் டிவியைச் சுவரில் மாட்டலாமா? – வாசகர், மதுரை

ஸ்டாண்டில் வையுங்கள். துளை போடும்போது சிவப்பாகச் செங்கல் தூள் வராமல் வெள்ளையாகச் சுண்ணாம்பும் மணலும் பொலபொலவென்று கொட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, இன்றைக்குப் பிடித்தாலும் ஆறு மாதத்தில் தளரும். மாட்டியே ஆக வேண்டுமென்றால் நான்கு மூலைக்கும் தாங்குகிற ஒரு தடித்த பிளைவுட் பலகையை நீள ஆணியால் பல இடத்தில் சுவரோடு பிடித்துவிட்டு அதன்மேல் மாட்டலாம். அதையும் நல்ல கொத்தனாரோ தச்சரோ சுவரைத் தட்டிப் பார்த்துச் சொன்ன பிறகு.

சுவரில் மாட்டுகிற மற்ற எல்லோருக்கும் ஒன்று. மாட்ட வருகிற ஆள் நின்றபடி தன் கண் உயரத்துக்குத் துளை போட்டுவிடுவார். நாமோ பாதி நேரம் தரையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிற ஆட்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் உயரம் மூன்றரை அடி, தரையில் என்றால் இரண்டரை அடிதான். திரையின் நடுப்பாகம் மூன்றரை அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கழுத்து வலிக்கும், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது சில திரைகளில் நிறமும் வெளுத்துத் தெரியும். மாட்டுவதற்கு முன்பே பின்னால் ஹெச்டிஎம்ஐ வயர்களைச் சொருகி நீட்டி விட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு சுவருக்கும் டிவிக்கும் நடுவில் கை நுழையாது.

கேள்வி: ஆறு வருஷத்து 32 இன்ச் சாதாரண டிவி. படம் நன்றாக இருக்கிறது. ஓடிடி பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். புது டிவி வாங்கவா? – வாசகி, சோழவந்தான்

வாங்க வேண்டாம், ஹெச்டிஎம்ஐ துளையில் சொருகினால் நெட்டிலிருந்து ஓடிடி காட்டுகிற ஒரு ஸ்டிக் போதும். அதற்குக் கரண்டை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காமல் கூட வருகிற அடாப்டரிலிருந்து கொடுங்கள், பல டிவிகளில் அந்தத் துளையின் கரண்ட் பத்தாமல் ஸ்டிக் நின்று நின்று ஓடும்.

கேள்வி: பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை நேரலையில் பார்க்கும்போது காளை ஓடினால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினால் சரியாகுமா? – கல்லூரி மாணவர், வாடிப்பட்டி

ஆகாது தம்பி. கட்டம் கட்டமாக உடைவது சேனலிலிருந்து சுருக்கி அனுப்பும்போதே நடந்துவிடுகிறது. காளை, கூட்டம், பறக்கிற புழுதி என்று திரை முழுக்க ஒரே நேரத்தில் அசைந்தால் குறைந்த இடத்தில் அவ்வளவையும் அடைக்க முடியாது. 120 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 120 தடவை படம் மாறும், நம் ஊர் ஒளிபரப்பு நொடிக்கு 50 படத்துக்கு மேல் வருவதும் இல்லை, அது கேம் விளையாடுகிறவர்களுக்குத்தான் உபயோகம். அதே சேனல் ஹெச்டியில் இருந்தால் அதில் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: டவுன்ஹால் ரோட்டில் போய் டிவி பார்த்தோம். எல்லா டிவியும் ஒன்று போலத்தான் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? – வாசகி, செல்லூர்

கடையில் ஓடுகிற படம் டிவிக்காகவே எடுத்தது, பூவும் மீனும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரு பென்டிரைவில் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். நம் வீட்டு ஆட்களின் முக நிறம் நமக்குத் தெரியும், எந்த டிவி அதைச் சிவப்பாக்குகிறது, எது வெளிற வைக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். நேராக மட்டும் நிற்காமல் ஓரமாகவும் நின்று பாருங்கள், ஹாலில் எல்லோரும் நடுவிலேயே உட்காரப் போவதில்லை. ரிமோட்டை வாங்கி நீங்களே மெனுவுக்குள் போய் வாருங்கள், கடையிலேயே தடுமாறுகிற டிவி வீட்டில் இன்னும் தடுமாறும். ஹெச்டிஎம்ஐ துளை குறைந்தது மூன்று இருக்க வேண்டும், பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, பிறகு வருவதற்கு ஒன்று. விலை குறைவாக 'ஆண்ட்ராய்டு' என்று விற்கிற சிலதில் உங்களுக்கு வேண்டிய ஓடிடி ஆப் வேலை செய்யாது, செய்கிறது என்று சொன்னால் அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பெட்டியை நீங்களாகப் பிரிக்காதீர்கள். மாட்ட வருகிறவர் முன்னால் பிரித்து, சுவரில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு தடவை ஓடவிட்டு, திரையில் கோடோ விரிசலோ இல்லையென்று போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திரை உடைந்தால் வாரன்டி கிடையாது, எப்போது உடைந்தது என்பதில்தான் சண்டையே வரும். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் டிவியின் பின்னால் உள்ளதும் ஒன்றா என்று அப்போதே ஒப்பிடுங்கள். கடையும் கம்பெனியும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.